கைநாட்டும் பேரேடும்

'கைநாட்டு' நம்மிடையே ஒரு வசவாகிவிட்டது. பஸ்ஸில், ஆபீஸில், சினிமாவில் எங்கே கேட்டாலும் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்: தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவன். ஆனால் கையை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்துவது சர்க்கார் காரியங்களுக்குள் நுழைந்த விதம் வேறு. 1858இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரிலிருந்த வில்லியம் ஹெர்ஷெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ரோடு போடச் சரளை சப்ளை செய்வதற்காக ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். கோனாய் வழக்கம்போல் கையெழுத்துப் போடப் போனார். ஹெர்ஷெல் அவரைத் தடுத்து, ஆபீஸ் முத்திரைக்காக வைத்திருந்த மையை அவர் உள்ளங்கையில் தடவி ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். பிற்பாடு 'இது என் கையெழுத்தில்லை' என்று மறுக்கத் துணியாதபடி ஆளைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்று, 1916இல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஹெர்ஷெலே எழுதியிருக்கிறார்.

ஆக, சர்க்கார் தாளில் கை பதித்த அந்த மனிதர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். அவரிடம் குறைவாக இருந்தது எழுத்தல்ல. அவர் மேல் எதிராளிக்கு இருந்த நம்பிக்கைதான் குறைவு. முதியோர் கல்வியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் கோனாயிலிருந்து ஆரம்பிக்க விரும்புகிறேன். நம் அறிவுஜீவிகளும் அரசாங்கமும் ஒருசேர, எழுத்தின்மையை ஒரு மனிதனுக்குள் இருக்கும் வெற்றிடமாகவே பாவிக்கிறார்கள். கல்லாதவன் கண்ணைப் புண் என்று சொல்லிவிட்ட மரபு வேறு நமக்குத் துணை நிற்கிறது. வெற்றிடமென்றால் நிரப்பிவிடலாம், இத்தனை மணி நேரம், இத்தனை பாடம், இத்தனை கோடிப் பேர் என்று கணக்குப் போடலாம். எழுத்தின்மை இரண்டு பேருக்கு நடுவிலிருக்கும் ஓர் உறவின் பெயர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சிக்கலாகிவிடுகிறது. ஏனென்றால் அப்போது எழுதுகிறவனையும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

வேலூர் லாங் பஜாரில் ஒரு மண்டியில் சில வருஷங்கள் கணக்கு எழுதியிருக்கிறேன். விடிவதற்கு முன் லாரிகள் வந்துவிடும். மூட்டை இறக்குகிறவர்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. வாரக் கடைசியில் பட்டுவாடா. அவர்களில் வயதான ஒருவர், கடையின் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, கரித்துண்டால் கோடு போட்டு வைப்பார். நாலு கோடு நின்றால் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். முன்பணம் வாங்கிய நாளுக்கு ஒரு சிறிய வட்டம். கடைக்குள் வராத சரக்கு, அதாவது லாரியிலிருந்து நேராக வேறு கடைக்குப் போனது, அதற்குக் கோட்டின் தலையில் ஒரு புள்ளி. இதைவிட நேர்த்தியான சிட்டையை நான் பார்த்ததில்லை. பால்காரியும் வண்ணாரும் வீட்டுச் சுவரில் போட்ட கோடுகளை நம்மில் பலர் சிறு வயதில் பார்த்திருப்போம், அதே வம்சம்தான். ஒரு வாரம் சுவர் 46 என்றது, பேரேடு 41 என்றது. எழுதியது முதலாளியின் கை. வாசித்துக் காட்டும்படி என்னிடம் சொன்னார்கள். வாசித்தேன். அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "நீ படிக்கறது சரியாத்தான் இருக்கும் தம்பி. எழுதனது சரியா?" என்று கேட்டார். 41 மூட்டைக்குத்தான் கூலி கிடைத்தது.

அவருக்கு எழுத்தில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் குறி இருந்தது, இலக்கணம் இருந்தது, வாசகர்கூட இருந்தார் - அதே மண்டியில் மூட்டை தூக்கிய மற்ற நாலு பேரும் அந்தச் சுவரைப் படிப்பார்கள். அந்த எழுத்துக்குச் செலாவணி இல்லை, அவ்வளவுதான். ஒரு ஆள் சுண்ணாம்புச் சட்டியோடு வந்தால் அழிந்துபோகிற ஆவணம். பேரேடு தடித்த அட்டை போட்டு, பூஜை செய்து, பெட்டியில் வைத்துப் பூட்டப்படுகிறது.

இந்த இடத்தில் நம் வட்டத்து நண்பர்களில் சிலர் உடனே லெவி-ஸ்ட்ராஸை எடுப்பார்கள். 1955இல் வந்த அவருடைய பிரேஸில் பயணநூலில் எழுத்துப் பாடம் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. எழுத்தே அறியாத நம்பிக்வாரா கூட்டத்தின் தலைவன், வெள்ளைக்காரர் எழுதுவதைப் பார்த்துத் தானும் காகிதத்தில் நெளிகோடுகள் கிறுக்கி, அதை வாசிப்பதுபோல் பாவனை செய்து தன் ஆட்களிடம் அதிகாரம் காட்டுகிறான். இதிலிருந்து லெவி-ஸ்ட்ராஸ் வருகிற முடிவு, எழுத்தின் முதல் உபயோகம் மனிதரை அடிமைப்படுத்துவதாகவே இருந்திருக்கிறது என்பது. இதைப் படித்த நண்பர்கள், எழுத்தறியாதவனிடம் ஏதோ கறைபடாத முழுமை இருக்கிறது, நாம் போய் அதைக் கெடுக்கலாகாது என்கிற அளவுக்குப் போய்விடுகிறார்கள். வாய்மொழி, நினைவு, நாட்டார் மனம் என்று அழகழகான வார்த்தைகள். பேரேட்டின் முன்னால் நின்ற ஒருவரையாவது பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள் என்றே தோன்றுகிறது. டெரிதா 1967இல் லெவி-ஸ்ட்ராஸை மறுத்தபோது காட்டிய இடம் எனக்கு ஏற்புடையதாயிருக்கிறது: நம்பிக்வாராக்களிடம் சுரைக்குடுக்கையில் போடும் கோடுகள் இருந்தன, உறவு முறையின் பெயர்கள் இருந்தன, அவற்றைச் சுற்றி ரகசியமும் சண்டையும் இருந்தன; எழுத்துக்கு முந்தைய வெள்ளை மனம் என்பது எழுதத் தெரிந்தவன் தன் குற்ற உணர்வுக்குக் கட்டிக்கொண்ட கோயில். மண்டிச் சுவரின் கரிக்கோட்டைப் பற்றி டெரிதாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சரி, கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும் என்றால் எதை? 1978 அக்டோபர் 2இல் ஜனதா அரசு தேசிய முதியோர் கல்வித் திட்டத்தை ஆரம்பித்தது. 15லிருந்து 35 வயதுக்குள்ளான 10 கோடிப் பேருக்கு ஐந்து வருஷத்தில் எழுத்தறிவு என்பது லட்சியம். எழுத்தோடு நிற்கக்கூடாது, தொழில் திறனும் விழிப்புணர்வும் சேர வேண்டும் என்று அந்தத் திட்டம் காகிதத்தில் சரியாகவே சொல்லியிருந்தது. (அதே மாதம் 19ஆம் தேதி தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. தும்பிக்கை வைத்த லையும் னையும் மறைந்தன. படித்தவர்கள் நாமெல்லாம் சில நாள் தடுமாறினோம். யாரும் நம்மைக் கைநாட்டு என்று சொல்லவில்லை.) ஆனால் வகுப்பறை என்று வந்தபோது பெரும்பாலும் நடந்தது குழந்தைகளின் அரிச்சுவடியைப் பெரியவர் கையில் கொடுத்ததுதான். ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் ஷாப்பில் முப்பது வருஷம் தோல் தரம் பிரித்தவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தோலை விரித்து உள்ளங்கையால் ஒருமுறை நீவினால் ஆடு எதில் உரசிக்கொண்டது, அம்மை கண்டதா, உரித்தவன் கத்தி எங்கே ஆழமாக இறங்கியது, உப்புப் போட எத்தனை மணி நேரம் தாமதித்தார்கள் எல்லாம் சொல்லிவிடுவார். ராத்திரி அவரை லாந்தர் வெளிச்சத்தில் உட்காரவைத்து, ஒரு ஆட்டின் படத்தைக் காட்டி, 'ஆ - ஆடு' என்கிறோம். அவர் மூன்றாம் நாள் வராமல் போனால் 'இடைநிற்றல்' என்று ரிப்போர்ட் எழுதுகிறோம்.

பாவ்லோ ஃப்ரெய்ரே இதைப் புரிந்துகொண்டவர். 1963இல் பிரேஸிலின் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் வாசிக்கக் கற்பித்தது பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கற்கிறவர்களின் வாழ்க்கையிலிருந்து, அவர்களுக்கு வலிக்கிற இடத்திலிருந்து, சில வார்த்தைகளைப் பொறுக்கி அவற்றை உடைத்து எழுத்துக்களைக் காட்டுவது அவர் முறை. ஆம்பூருக்கு அப்படி ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 'பாக்கி' என்பேன். இரண்டரை எழுத்துதான். அந்த வார்த்தையைச் சுற்றி ஒரு தெருவே உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பேசும். அடுத்தது 'முன்பணம்'. மூன்றாவது 'சுண்ணாம்பு', அது கையைத் தின்கிற விஷயம். ஆனால் ஃப்ரெய்ரேயின் வார்த்தைகள் அவருக்கு என்ன செய்தன என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய பிரேஸிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு கிடையாது. எழுத்துக் கற்றவர் ஒவ்வொருவரும் ஒரு ஓட்டு. 1964இல் ராணுவம் வந்தது, ஃப்ரெய்ரே சிறைக்குப் போனார், பிறகு நாடு கடந்து போனார். கல்லாதவருக்கு அங்கே ஓட்டுக் கிடைத்தது 1985இல்தான்.

வேலூரில் 'கல்லாதவர்' யார் என்று தீர்மானிப்பதே சுலபமில்லை. கஸ்பாவில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி பீடி சுற்றுகிறவர். வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ், குரானைச் சிறு வயதிலேயே ஓதக் கற்றவர், அதாவது அரபி எழுத்துக்களைப் பிழையில்லாமல் கூட்டி உச்சரிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. சென்ஸஸின் இலக்கணப்படி ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதவும் படிக்கவும் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர். இவருக்குப் படிக்கத் தெரிந்தது புரியவில்லை, புரிந்தது படிக்கத் தெரியவில்லை. அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமாகப் பரவிய தொண்ணூறுகளில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு அவர் படித்தது ஒன்றே ஒன்று: பீடிக் கடையின் பாஸ் புத்தகம். எத்தனை ஆயிரம் பீடி கொடுத்தார், எவ்வளவு இலை வாங்கினார், எத்தனை கட்டு கழித்துப் போடப்பட்டது என்கிற பக்கங்கள். கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி இல்லை; ஆனால் கடை அதைத் திருப்பித் தருவதும் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்ததை எண்ணாகப் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது என்றார். இரண்டு மாதம் அவர் கணக்குக் கேட்டார். மூன்றாவது மாதத்திலிருந்து புத்தகத்தில் கூட்டுத்தொகை மட்டும் வந்தது. விவரம் கடையின் வேறொரு நோட்டுக்குப் போய்விட்டது.

புதுக்கோட்டையில் 1991-92இல் அறிவொளி அடைந்த உயரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், கல் குவாரியைக் குத்தகை எடுத்தார்கள், கலெக்டரிடம் கொடுக்கிற மனுவில் ரேகைக்குப் பதில் கையெழுத்துப் போட்டார்கள். இதைப் பற்றி ஃபிரான்சிஸ் கோடி என்ற மானிடவியலாளர் 2013இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அங்கே எழுத்தோடு குவாரியும் வந்தது என்பதுதான் விஷயம். சைக்கிள் இல்லாமல், குவாரி இல்லாமல், வெறும் எழுத்து மட்டும் வந்த இடங்களில் நடந்தது கஸ்பாவில் நடந்ததுதான். எழுத்தைப் பிடிக்க ஒருவர் ஓடிவந்தால், ஆவணம் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறது.

இது நடந்து முடிந்த கதையில்லை. 2011 சென்ஸஸிலேயே தமிழ்நாட்டில் 100க்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனி பஸ்களில் காலையில் ஏறுகிற பெண்களில் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள் சாதாரணம். இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறார்கள். சம்பளச் சீட்டில் இருக்கிற சுருக்கெழுத்துக்கள் எதைப் பிடித்தன, எதைச் சேர்த்தன என்று கேட்டால் 'அது ஆபீஸுக்குத்தான் தெரியும்' என்கிறார்கள். பணம் பாங்கில் விழுந்ததும் செல்போனுக்கு இங்கிலீஷில் ஒரு வரி வருகிறது. அதைக் காட்டி 'எவ்வளவு வந்திருக்கிறது பாருங்கள்' என்று கேட்கிற கைகளை லாங் பஜாரில் தினம் பார்க்கலாம். வங்காளத்திலிருந்து தோல் ஷாப் வேலைக்கு வருகிறவர் தன் மொழியில் செய்தித்தாள் படிக்கிறவராகவே இருக்கலாம். ரசாயன டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் தாளின் முன்னால் அவர் கைநாட்டு. இதில் இன்னும் ஒரு விசித்திரம்: கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர்களிடம் இப்போது மறுபடி விரலைக் கேட்கிறார்கள். ரேஷன் கடையில், பாங்கில், கண்ணாடித் தகட்டில் கட்டை விரலை வைக்க வேண்டும். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் வருஷக்கணக்கில் ஊறிய விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷின் 'இவர் அவரல்ல' என்று சொல்லிவிடும். ஹெர்ஷெல் கோனாயிடம் கேட்டதைத்தான் மெஷினும் கேட்கிறது. கோனாய்க்குக் கொடுப்பதற்கு ரேகையாவது இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒருவருடைய கூலியை, கடனை, நிலத்தை, உடம்பை இன்னொருவர் எழுதி வைக்கும்போது, எழுதப்பட்டவருக்கு அது வாசிக்கக் கிடைக்க வேண்டும் என்பது எழுதுகிறவரின் கடமை. கற்றுக்கொள்ளாதவரின் குறைக்கு முன்னால் வருகிற கடமை. இதைக் கருணை என்று சொல்லக்கூடாது. எடை போடுகிறவன் தராசு முள்ளை வாங்குகிறவன் பக்கம் திருப்பி வைப்பது கருணையா? இப்படி நடக்கவே நடக்காது என்பவர்களுக்கு, நம் நாட்டிலேயே மிகப் பெரிய அளவில் அது ஒருமுறை நடந்திருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன். 1951-52இல் முதல் பொதுத் தேர்தல். வாக்காளர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பிரேஸில் செய்ததுபோல் 'முதலில் படித்துவிட்டு வா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லச் சொன்ன பெரிய மனிதர்களும் இங்கே இருந்தார்கள். அதற்குப் பதிலாக, வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். எழுதுகிறவன் வாசிக்கிறவனிடம் வந்தான். அந்த ஒரு காரியத்தில் மட்டும் வந்தான். கூலி, கடன், பட்டா என்று வந்தபோது திரும்பத் தன் பேரேட்டுக்குப் போய்விட்டான்.

அப்படியானால் சின்னமே போதுமே, எழுத்து எதற்கு என்று கேட்கலாம். போதாது. சின்னத்தை ஒட்டுகிறவனுடைய நல்ல குணத்தை நம்பிக்கொண்டு ஒரு மனிதன் ஆயுள் முழுக்க இருக்க முடியாது. சின்னத்துக்குக் கீழே எழுதியிருப்பதைச் சரிபார்க்கிற சக்தி அவனிடமே இருக்க வேண்டும். கஸ்பாவின் பெண்மணி இரண்டு மாதம் கணக்குக் கேட்டாரே, அந்த இரண்டு மாதத்தை அவருக்குக் கொடுத்தது எழுத்துத்தான். மூன்றாவது மாதம் அதைப் பறித்தது கடை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்பது அரசாங்கத்தின் பழக்கம். இரண்டாவதைச் சொல்லி முதலாவதை இகழ்வது நம்முடைய பழக்கம்.

'நம்முடைய' என்று சொன்னதால் ஒரு பழைய வழக்கையும் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாதி ஜனத்துக்குப் படிக்கத் தெரியாத நாட்டில் 300 பேர் படிக்கிற பத்திரிகையும் புரியாத கவிதையும் எதற்கு என்று எழுபதுகளில் முற்போக்கு நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நம் பக்கத்தில் சொல்லப்பட்ட பதில்கள் பெரும்பாலும் கோபமாகவோ அலட்சியமாகவோ இருந்தன. கேள்வி அலட்சியப்படுத்தக் கூடியதல்ல; ஆனால் அது போட்டுக் குழப்புகிற இரண்டு புரியாமைகளைப் பிரிக்கலாம். புரியாத கவிதை யாருடைய ஐந்து மூட்டைக் கூலியையும் எடுத்துக்கொள்வதில்லை. படிக்காமல் விடுகிறவனுக்கு அதனால் நஷ்டமில்லை. அவனைப் பற்றி அது எதையும் பதிவு செய்யவில்லை. பேரேடு படிக்காதவனைப் பற்றியே எழுதப்படுகிறது, அவன் படிக்க மாட்டான் என்ற தைரியத்தில் எழுதப்படுகிறது. கவிஞனிடம் எளிமையை வற்புறுத்தியவர்கள் அதே வேகத்தோடு கணக்கரிடமும் பத்திர எழுத்தரிடமும் அதை வற்புறுத்தியிருந்தால் நானும் அவர்களோடு நின்றிருப்பேன். ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குத் தப்பில்லை: எழுத்தறியாதவரைக் கதையிலும் கவிதையிலும் நாம் எழுதி வைத்திருக்கிறோம். அது அவரைப் பற்றிய பதிவு. அதில் முள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் தம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கருத்துக்களை, ஆம்பூர்ப் பக்கம் பல வருஷம் இரவு வகுப்பு நடத்திய ஒரு நண்பரிடம் சொன்னேன். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, தொழிலாளியின் பெயர் எழுதியிருக்கும் நோட்டையே வகுப்பில் திறந்து வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது என் யோசனை. அவர் சிரித்தார். தோல் ஷாப் முதலாளிகள் இடம் கொடுத்து, விளக்குக்கு எண்ணெய் கொடுத்து, ஆட்களைச் சீக்கிரம் அனுப்பியதால்தான் வகுப்பு நடந்தது. நோட்டைக் கேட்டிருந்தால் ஒரே வாரத்தில் மூடியிருப்பார்கள், இத்தனை பேருக்கு இன்று பஸ் போர்டாவது படிக்கத் தெரிந்திருக்காது என்றார். மூடியிருப்பார்கள்தான், சந்தேகமில்லை. அவர் வகுப்பில் படித்தவர்கள் பஸ் போர்டு படிக்கிறார்கள், அதுவும் உண்மை. அந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் தங்கள் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.